எர்த் கம்பி போன வழி

கூரை ஒழுகினால் அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிடுவோம். சுவர் வெடித்தால் நேராகவே தெரியும். சுவரோடு சுவராக ஓடுகிற கரண்டு சரியாகத்தான் ஓடுகிறதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

சுவிட்சைப் போட்டால் லைட் எரிகிறதே, அதை வைத்துத்தான் என்பீர்கள். மாரப்பனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாரப்பனுக்குக் காங்கேயம் பக்கத்தில் ஊஞ்சவலசு. தேங்காய்ப் பருப்பு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே வெகுதூரம் போய்வந்த லாரி டிரைவர். இடுப்பு பிடித்துக்கொண்டு, இனி ஸ்டீயரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. வேறு ஆளாக இருந்தால் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். மாரப்பன் நேராகத் தவமணி வீட்டு வாசலில் போய் நின்றார்.

தவமணி வயரிங் வேலை பார்க்கிற பெண். அதற்கு லைசென்சும் வைத்திருக்கிறார். மாரப்பனைவிட ரொம்பச் சின்னவர். இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணி ஏறுகிறவர்.

"எனக்குத் தொழில் சொல்லிக் குடுக்கோணும் அம்மிணி."

"ஏணி ஏற முடியுமாங்கண்ணா உங்களால?"

"இடுப்புதான் போச்சு. காலு ரெண்டும் இருக்குது."

தவமணி சிரித்தார். மறுநாளே வரச் சொன்னார்.

கேலியாகத்தான் "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார் மாரப்பன். நாள் போகப் போகக் கேலி கழன்றுபோய் மரியாதை மட்டும் நின்றுவிட்டது. கடையில் ஒயர் வாங்கும்போதுகூட "எங்க குரு கேட்டாங்க" என்றுதான் சொல்வார். கடைக்காரர் யாரோ சாமியார் வீட்டுக்கு ஒயர் போகிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

வேலை சீக்கிரமே கைவந்தது. ஒயர் இழுத்தார், போர்டு மாட்டினார், ஃபேன் தொங்கவிட்டார். ஆனால் ஒரு வேலையை மட்டும் தவமணி அவரிடம் விடவில்லை. பழைய வீட்டைப் பார்த்துச் சொல்கிற வேலை.

பழைய வீட்டுக்காரர்கள் புது மிஷின் வாங்கிவிட்டுக் கூப்பிட்டால், தவமணி முதலில் சொல்வது ஒன்றுதான்: "பெட்டியைப் பிரிக்காதீங்க." ஏசி ஆகட்டும், ஹீட்டர் ஆகட்டும், அட்டைப்பெட்டி ஒட்டினபடியே கிடக்கவேண்டும். முதலில் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். மெயினைப் பார்ப்பார், ஒயரைத் தொட்டுப் பார்ப்பார், எர்த்தைப் பார்ப்பார். இந்த வீடு இதைத் தாங்கும் என்று அவர் வாயால் வந்த பிறகுதான் பெட்டியில் கத்தி வைக்கலாம்.

"அதை நான் எப்பப் பாக்கறது குருவே?"

"பாக்கலாங்கண்ணா."

"ஒரு வீடு தாங்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க? அதையாவது சொல்லுங்க."

"பாக்கலாங்கண்ணா."

இப்படியே வருஷம் திரும்பிவிட்டது.

அப்போதுதான் மாரப்பனுடைய அக்கா சரஸ்வதி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அக்கா வீட்டுக்காரர் நாச்சிமுத்து, குளியலறைக்கு ஹீட்டரும் அறைக்கு ஏசியும் வாங்கி இறக்கிவிட்டார். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, எல்லாம் மாட்டியாச்சு என்றும் சொல்லிவிட்டார்.

தவமணி மொபெட்டை நிறுத்தியதும் மாரப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வீட்டை நீங்க பாருங்கண்ணா. நீங்க சொல்றதுதான்."

மாரப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. அதிலும் மச்சான் வீடு. லாரியை விட்டு இறங்கினதிலிருந்து, "ஹாரன் அடிச்ச கை பிளக்கு மாட்டுமா மாப்ளே" என்று ஊர் விசேஷத்திலெல்லாம் கேட்டுச் சிரித்த மச்சான்.

நாச்சிமுத்து வாசலிலேயே நின்றிருந்தார். முன்வாசல் முழுக்கப் புது டைல்ஸ். செருப்பை வெளியே விடச் சொல்லிவிட்டுத்தான் வாங்க என்றார்.

"என்ன மாப்ளே, நீ பாக்கறியா, அம்மிணி பாக்குதா?"

"நாந்தான் மச்சான்."

"அப்ப ஃபயர் சர்வீசுக்குச் சொல்லி வச்சிரட்டுமா?"

"வந்தா காபி போடோணும். அக்காளுக்கு வேலை அதிகமாயிரும். வேண்டாம் மச்சான்."

சரஸ்வதி வெல்லம் போட்டுக் கச்சாயப் பணியாரம் சுட்டு வைத்திருந்தார். தவமணி அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டார். ஏணியைத் தொடவில்லை.

மாரப்பன் நிதானமாகவே பார்த்தார். மெயின் பழைய இரும்புப் பெட்டி. உள்ளே பீங்கான் ஃபியூஸ். அதில் மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் யாரோ தடிக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். உள்ளறையில் மரச்சட்டத்தின் மேல் ஓடுகிற பழைய ஒயர். மெயினை இறக்கிவிட்டு ஒரு முனையை லேசாக வளைத்துப் பார்த்தார். மேலிருந்த ரப்பர் பழைய அப்பளம் மாதிரி உதிர்ந்தது. குளியலறைக்குப் போகிற லைன் லைட்டுக்குப் போட்டது. ஹீட்டருக்கு அது நூல்.

கடைசியில் எர்த். ஏதாவது ஒரு மிஷினில் கரண்டு கசிந்து அதன் உடம்புக்கு வந்துவிட்டால், தொடுகிற ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குள் போய்விட ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். முன்வாசலின் மேற்கு மூலையில், டைல்ஸுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய். ஈரம் காயக்கூடாது என்று அதில் தண்ணீர் ஊற்றி வருவார்கள். எட்டிப் பார்த்தார். உள்ளே ஈரம் பளபளத்தது.

"உங்கக்கா காத்தால எந்திரிச்சதும் அதுல ஒரு சொம்பு ஊத்திட்டுத்தான் வாசலே தெளிப்பா" என்றார் நாச்சிமுத்து பெருமையாக. "சாமிக்குப் பூ வைக்க மறந்தாலும் இதை மறக்கமாட்டா."

மாரப்பன் மெயினை ஏற்றினார். ஹோல்டரில் பல்பை மாட்டி, அதன் ஒரு ஒயரை வாஷிங் மிஷின் பிளக் பாயிண்டில் கரண்டு வருகிற ஓட்டையிலும், இன்னொன்றை மேலே இருக்கிற எர்த் ஓட்டையிலும் கவனமாகச் செருகினார். எர்த் இல்லாத வீடென்றால் பல்பு எரியாது.

பல்பு எரிந்தது. பகலிலேயே கண் கூசியது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"பாத்துட்டேன் குருவே."

"சொல்லுங்கண்ணா."

"பழைய ஒயரு ஹீட்டரையும் தாங்காது, ஏசியையும் தாங்காது. லைட்டு ஃபேனோட அது நிக்கட்டும். பின்னாடி அதையும் மாத்தீரோணும். ஃபியூஸை இன்னைக்கே சரி பண்றோம். ஹீட்டருக்கு மெயின்லேர்ந்து தனியா ஒரு தடி ஒயரு இழுத்துட்டா வேலை முடிஞ்சுது. பொழுது சாயறதுக்குள்ள மாட்டீரலாம்."

"எர்த்து?"

"எர்த்து பிரமாதம். பல்பு எரியறதைப் பாத்தீங்கன்னா அசந்துருவீங்க."

தவமணி கச்சாயத்தைக் கடித்தார். மென்று முடித்தார்.

"பல்பை எரிய வச்ச கரண்டு அப்புறம் எங்க போச்சுங்கண்ணா?"

"மண்ணுக்குத்தான் போச்சு."

"நீங்க கூடப் போனீங்களா?"

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். "கரண்டு கூட எப்படியம்மிணி போறது? போனவன் திரும்பி வருவானா?"

தவமணி அவர் பக்கம் திரும்பவில்லை.

"லாரியில லோடு ஏத்தறீங்க. போய்ச் சேர்ந்துச்சுன்னு எப்பங்கண்ணா சொல்லுவீங்க?"

"எறக்கி, அந்தூர்க்காரன் வாங்கிக்கிட்டேன்னு சொன்னப்புறம்."

தவமணி சரஸ்வதியிடம் தட்டை நீட்டினார். "இன்னொண்ணு குடுங்கக்கா. ஏலக்காய் போட்டீங்களா?"

மாரப்பன் போய் மெயினை இறக்கினார். டெஸ்டரை வைத்துக் கரண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டார். ஏணியை எடுத்தார்.

போர்டிலிருந்து எர்த் கம்பி மேலே ஏறியது. அதன் மேல் விரலை வைத்தார். விரலை எடுக்காமலே நகர்ந்தார். விட்டம் ஓரமாகப் போயிற்று. ஜன்னலுக்கு மேலே திரும்பிற்று. சுவரைத் துளைத்து வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிற்று. சுண்ணாம்பும் பெயிண்டும் மாறி மாறி அடித்து, கம்பி எது சுவர் எது என்று தெரியாமல் இருந்தது. விரலுக்குத்தான் தெரிந்தது. கடைசியில் தரைக்கு வந்து, டைல்ஸுக்கு அடியில் நுழைந்தது. குழாய் அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

"அதான் போயிருச்சே மாப்ளே" என்றார் நாச்சிமுத்து, பின்னாலேயே வந்தவர். "அடியில போயி குழாயைப் புடிச்சிருக்கும். டைல்ஸை ஒடைக்கறேன்னு மட்டும் சொல்லிறாத."

"ஒடைக்கலை மச்சான்."

மாரப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடுப்பு கத்தியது. கம்பியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார்.

அது வந்துவிட்டது.

சாணளவு கம்பி டைல்ஸுக்கு அடியிலிருந்து நழுவி அவர் கையோடு வந்தது. நுனியில் காய்ந்த சிமெண்டு ஒட்டியிருந்தது. டைல்ஸ் போட்ட கொத்தனாருக்குக் குறுக்கே நின்றிருக்கும். நறுக்கிவிட்டு, மேலே பூசிவிட்டுப் போயிருக்கிறார்.

சரஸ்வதி வாசலுக்கு வந்திருந்தார். கம்பியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தனை நாளா யாருக்குத் தண்ணி ஊத்துனேன்?"

தவமணி எழுந்து வந்து, தட்டோடு தூணில் சாய்ந்து நின்றார்.

"கம்பிதான் அறுந்து கிடக்குதே" என்றார் நாச்சிமுத்து. "அப்பறம் பல்பு எப்படி எரிஞ்சுது?"

அதே கேள்விதான் மாரப்பன் மண்டையிலும். குருவைப் பார்த்தார். குரு கச்சாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனார். மெயின் இறங்கியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தார். பிளக் போர்டைக் கழற்றித் திருப்பினார். பின்னால், கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரையும் எர்த்தையும் சேர்த்து, விரல் நீளத்தில் ஒரு துண்டு ஒயர் மாட்டியிருந்தது. பல்பை எரிய வைத்த கரண்டு மண்ணுக்கே போகவில்லை. அந்தத் துண்டு வழியாக நியூட்ரலில் ஏறி, வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது.

மாரப்பன் அந்தத் துண்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இது யாரு மாட்டுனது மச்சான்?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "டைல்ஸ் போட்டப்பறம் வாஷிங் மிஷின் வாங்குனோம். மாட்ட வந்தவரு இதே மாதிரி பல்பு வச்சுப் பாத்தாரு. எரியலை, எர்த்து இல்லைன்னாரு. எங்கவூட்டு எர்த்தையா இல்லைங்கறேன்னு நான் சத்தம் போட்டேன். போர்டைத் தொறந்து என்னமோ பண்ணுனாரு. எரிஞ்சுது."

"எரியோணும்னு கேட்டீங்க. எரிய வச்சுட்டுப் போயிட்டாரு."

"ஈரக்கையோட அந்த மிஷினைத் தொட்டா எப்பவாச்சும் சுருக்குங்கும்" என்றார் சரஸ்வதி மெதுவாக. "கைதான் வலிக்குதுன்னு தைலம் தேச்சுட்டிருந்தேன்."

மாரப்பன் உள்ளங்கையை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், அடுப்படியில் நின்று, எர்த்து பிரமாதம் என்று சொன்னது அவர் வாய்தான்.

நாச்சிமுத்துவுக்கு வேறு கவலை.

"செரி, தெரிஞ்சு போச்சு. அந்தத் துண்டைத் தூக்கி வீசு. ஹீட்டரை மாட்டீரு. எர்த்தைப் பொறவு பாத்துக்கலாம். எர்த்து இல்லாம ஊருல எத்தனை வூடு ஓடுது."

"முடியாது மச்சான்."

"நாளைக் கழிச்சுப் புள்ளை வருது மாப்ளே. பச்ச ஒடம்புக்காரி. சம்பந்தி வூட்டாளுங்க கூட வர்றாங்க. எல்லாம் மாட்டியாச்சுன்னு சொல்லீட்டேன்."

"ஹீட்டரு உள்ள ஒரு நாள் கசியும். இன்னைக்கோ, பத்து வருஷம் கழிச்சோ. அன்னைக்கு அந்தக் கரண்டுக்குப் போக எடமில்லை. தண்ணியோட வரும். கொழாயைத் தொறக்கறது நம்ம புள்ளைங்க கை."

"பயமுறுத்தறியா?"

"எனக்கே பயமா இருக்குது மச்சான். அதான் சொல்றேன்."

நாச்சிமுத்துவின் குரல் ஏறியது. "தொழிலுக்கு வந்து ஒரு வருஷந்தான் ஆச்சு. அம்மிணி, நீங்க சொல்லுங்க. நீங்கதான் இவனுக்குக் குரு. மாட்டலாமா, கூடாதா?"

மாரப்பனும் குருவைத்தான் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மச்சான் அடங்கிவிடுவார்.

தவமணி தட்டைக் கீழே வைத்தார்.

"வீட்டைப் பாத்தது அவருங்க. நான் கச்சாயம் தின்னுட்டிருந்தேனுங்க."

மாரப்பன் ஹீட்டர் பெட்டிக்கு அருகே போனார். ஒட்டினபடியே இருந்தது. அதைத் தூக்கி மச்சான் கையில் கொடுத்தார்.

"இதை உள்ள வைங்க. புதுசா எர்த்துக் குழி தோண்டிக் குழாய் எறக்கோணும். கம்பி போயிச் சேர்ந்துச்சான்னு மீட்டர் வச்சுப் பாக்கோணும். தனி ஒயரு இழுக்கோணும். கரண்டு கசிஞ்சா மெயினையே இறக்குற சுவிட்சு ஒண்ணு வைக்கோணும். அதுக்கப்பறந்தான் இது சுவருல ஏறும். ஏசி இன்னும் பின்னாடி. வாஷிங் மிஷினை இன்னைலேர்ந்து தொடாதீங்க."

"சம்பந்திக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

"மாரப்பன் வேண்டாம்னுட்டான்னு சொல்லுங்க. எம்பேரையே சொல்லுங்க. கேட்டா எங்கிட்ட அனுப்புங்க."

லாரி ஓட்டின காலத்தில்கூட மாரப்பன் மச்சானிடம் இப்படி நிமிர்ந்து பேசியதில்லை. பேசி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டார்.

சரஸ்வதிதான் முதலில் அசைந்தார். "வெந்நிக்கென்ன, அடுப்புல வச்சாப் போச்சு. பெரிய குண்டாவைத் தேச்சு வைக்கறேன்" என்று உள்ளே போனார். போகிற வழியில் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே கொண்டுபோய்ப் பரணில் வைத்தார். திரும்பி வரும்போது கையில் கடப்பாரை இருந்தது.

"எந்த எடத்துல தோண்டோணும்? காட்டு."

"டைல்ஸு ஒடையும் மச்சான்."

"காட்டுடா."

அவர்கள் கிளம்பும்போது வெயில் இறங்கியிருந்தது. தடிக்கம்பியை எடுத்துவிட்டுச் சரியான ஃபியூஸ் கம்பி போட்டாயிற்று. முன்வாசலில் உடைந்த டைல்ஸ் சில்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. நாச்சிமுத்து முழங்கால்வரை குழிக்குள் நின்றுகொண்டு, தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டு, "எம்மச்சினன் பாத்துச் சொன்னான், அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார் தவமணி. மாரப்பன் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"குருவே."

"சொல்லுங்கண்ணா."

"மொதல்ல தப்பாத்தானே சொன்னேன்."

"ஆமாங்கண்ணா."

"நீங்க கேக்கலைன்னா இந்நேரம் ஹீட்டரை மாட்டியிருப்பேன்."

"ஆமாங்கண்ணா."

மாரப்பன் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அப்ப, தனியா ஒரு வீட்டைப் பாக்க எனக்கு இன்னும் நாளாகும்."

தவமணி வண்டியைக் கிளப்பவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

"நாளைக்கு வேலை எதும் இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"எங்க வீட்டுக்கு வாங்கண்ணா. நானே ஒயரு இழுத்து, நானே பாத்து, நல்லாயிருக்குதுன்னு நானே சொல்லிக்கிட்ட வீடு. வேறொருத்தர் பாத்ததே இல்லை. குழந்தைங்க ரெண்டும் அங்கதான் குளிக்குது. வந்து ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."